எல்லா வீட்டிலும் மதினி

எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து மதினிதான் குரல் கொடுப்பார். "யாரு?" என்று கொஞ்சம் இழுத்து, வருகிற இருமலை அடக்கிக்கொண்டு கேட்கிற குரல். கிணத்து வீட்டைத் தட்டினாலும் அந்தக் குரல், பர்மா வீட்டைத் தட்டினாலும் அந்தக் குரல். புதிதாக வேலைக்குச் சேர்ந்த கூரியர்காரர் ஒருவர் நேராக என் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, உங்க தெருவுல எல்லா வீட்டுலயும் ஒரே அம்மாவா இருக்காக?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. ஆளுக்கு முகம் வெளுத்திருந்தது. ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, பயப்படாதீங்க, உயிரோடு இருக்கிற மனுஷிதான் என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது மதினியும் இல்லை, தட்டுவதற்கு அந்தக் கதவுகளும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவன். எனக்கு எழுத்தெல்லாம் வராது, கோபம்தான் வரும். நாளெல்லாம் வத்தல் நெடியில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கோபம் வருவதில் அதிசயமில்லை என்று என் மனைவி சொல்வாள்.

விருதுநகரில் தெப்பக்குளத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. ஒரே வம்சத்துப் பங்காளிகள் ஒருவர் சுவரை ஒருவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகள். எண்ணெயும் பருப்பும் விற்ற காசில் பர்மாவிலிருந்து தேக்கு இறக்கிக் கட்டினார்கள். தலைவாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரிகிற நீளம். வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஆள் நடக்கிற அகலத்தில் ஒரு முடுக்கு ஓடும். எல்லா வீட்டுப் பின்கதவும் அதில்தான் திறக்கும். பிள்ளைகள் படித்துச் சென்னை, பெங்களூரு, அமெரிக்கா என்று போனார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கிற நேரத்தில் மதினி கையை நீட்டிக்கொண்டு நிற்பார். இப்படியே மொத்தத் தெருவின் சாவியும் அவர் இடுப்பில் சேர்ந்துவிட்டது.

எனக்கு அவர் முறைப்படியே மதினி. பெரியப்பா மகன் பெண்டாட்டி; அந்த அண்ணன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். தெருவில் மற்ற எல்லாருக்கும், பால்காரருக்கும் கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கும்கூட அவர் மதினிதான். பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை, நானும் எழுதப்போவதில்லை. குள்ளமான, அகலமான உருவம். வேகமாக நடக்க முடியாது. ஆனால் யாராவது ஒரு வீட்டைத் தட்டினால், முடுக்கு வழியாகப் போய்ப் பின்கதவைத் திறந்து உள்ளே நுழைந்து அவர் குரல் கொடுப்பதற்குள், தட்டியவர் மறுபடி தட்டியிருக்க மாட்டார்.

குரல் கொடுப்பதோடு நின்றாரா என்றால் இல்லை. ஒரு நாள் கிணத்து வீட்டு அடுப்பில் ரசம் வைப்பார். இன்னொரு நாள் டாக்டர் வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். டாக்டரும் அவர் சம்சாரமும் செத்துப்போய், மகன் கலிபோர்னியாவில் இருக்கிற வீடு அது. பர்மா வீட்டு மாடியில், அங்கே இருந்து காலமான பெரியம்மை உடுத்திய சுங்கடிச் சேலையை அலசிக் காயப்போட்டிருப்பார். அந்தி சாய்ந்தால் ஒவ்வொரு வீடாக விளக்கு எரியும். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை, அவர் நடக்கிற வேகத்தில் வெளிச்சம் நகர்ந்து போவதைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் பார்த்தால், பரவாயில்லையே, விருதுநகரில் இன்னும் இப்படி ஒரு தெரு இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

கோலத்தில்தான் எனக்குப் பயம். கிணத்து வீட்டுச் சின்னம்மை உயிரோடு இருந்தவரை ஒரே ஒரு கோலம்தான் போடுவார். ஒரு கோணல் நட்சத்திரம். அதில் ஒரு முனை மட்டும் எப்போதும் நீண்டிருக்கும். அவரை எரித்துச் சாம்பல் கரைத்துப் பல வருஷம் ஆன பிறகும், காலையில் கிணத்து வீட்டு வாசலில் அதே கோணல் நட்சத்திரம் கிடக்கும், அதே முனை நீண்டு. பர்மா வீட்டு வாசலில் பெரியம்மையின் தாமரை. டாக்டர் சம்சாரம் வடக்கேயிருந்து வந்தவர், கோலம் போட வராது, மாவில் நாலு கோடு இழுத்துவிட்டு எழுந்துவிடுவார். அந்த வாசலில் மதினியும் நாலு கோடு இழுத்துவிட்டு எழுந்துவிடுவார். அவரால் பெரிய தேர்க்கோலமே போட முடியும். அதை அவர் வீட்டு வாசலில் மட்டும்தான் போடுவார். நான் கடைக்குப் போகும்போது செத்தவர்கள் கைப்பட எழுதியதை மிதித்துவிடாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போவேன்.

ஒருமுறை சின்னம்மை மகள் ஒரு கல்யாணத்துக்காகப் பெங்களூரிலிருந்து வந்தாள். காரை விட்டு இறங்கியவள் வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு நேராக மதினியிடம் போய்ச் சண்டை. "எங்க அம்மா கோலத்தை நீங்க எதுக்கு மதினி போடுறீங்க?"

"பின்னே, என் கோலத்தையா உங்க வீட்டுல போட முடியும்?" என்றார் மதினி.

அவள் உள்ளே போனாள். அடுப்படியில் அன்றைக்கு ரசம் இருந்தது. சாப்பிட்டாள், அழுதாள், கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, ஊருக்குக் கிளம்பும்போது சாவியை மறுபடி மதினி கையில் வைத்தாள். "அண்ணே, எங்க வீட்டுக்குள்ள போகவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு. விருந்தாளி மாதிரி" என்று என்னிடம் சொன்னாள்.

ஆண்கள் நாங்கள் இதையெல்லாம் கிறுக்கு என்றுதான் பேசிக்கொண்டோம். மதினி காதுபடப் பேசவில்லை, அவ்வளவுதான். அந்தப் பேச்சை மாற்றியது பட்டாசுக் கம்பெனி.

தெருவின் மேற்குக் கோடியில் இருந்தது மேலவீடு. அந்த வீட்டு அண்ணாச்சிதான் பங்காளிகளில் மூத்தவர். சென்னையில் மகனோடு போய் இருந்தவர், ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டை ஒரு பட்டாசு முதலாளிக்குக் கிரயம் செய்து கொடுத்துவிட்டார். முதலாளி வந்து மதினியிடம் சாவியை வாங்கிக்கொண்டு, அவர் கண் முன்னாலேயே புதுப் பூட்டு ஒன்றும் போட்டுவிட்டுப் போனார். பின்னாலேயே அவருடைய திட்டம் தெரிந்தது. மேலவீட்டில் தொடங்கி வரிசை முழுவதும் வாங்கி, மாடி மாடியாகப் பட்டாசு ஷோரூம். பின்னால் கோடவுன். தெருவுக்கு எதிர்ப்பக்கம், தீபாவளி சீசனுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்க லாட்ஜ். முடுக்கை இடித்து லாரி வருகிற பாதை.

ஒரே ஒரு சிக்கல் அவருக்கு இருந்தது. குடித்தனம் நடக்கிற தெருவில் பட்டாசு கோடவுனுக்கு அவ்வளவு லேசில் அனுமதி தர மாட்டார்கள். அதனால் அவர் எழுதிக் கொடுத்த மனுவில், இது பேருக்குத்தான் தெரு, இங்கே ஆளே இல்லை, எல்லாம் பூட்டிக் கிடக்கிற வீடுகள், வணிகப் பகுதியாக மாற்றித் தாருங்கள் என்று கேட்டிருந்தார். நாங்கள் எதிர் மனு கொடுத்தோம். ஆள் இருக்கிறோம், பிள்ளை குட்டிகளோடு இருக்கிறோம் என்று.

உண்மையைச் சொன்னால், ஆள் இருந்த வீடுகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். என் வீட்டில் கூட்டம் போட்டோம். கூட்டம் என்றால் காப்பி குடித்துவிட்டுக் கத்துவது. சென்னைக்காரர்களும் அமெரிக்காக்காரர்களும் வீடியோ காலில் வந்து, "விடாதீங்க சித்தப்பா, நம்ம தாத்தா கட்டின தெரு" என்று வீரம் பேசினார்கள். போனை வைத்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மேலவீடு என்ன விலைக்குப் போச்சு சித்தப்பா என்று கேட்டார்கள். எனக்கு வந்த எரிச்சலில் போனைக் கிணற்றில் போட்டிருப்பேன்.

அப்போதுதான் ஒருத்தர் சொன்னார், நம்மிடம் மதினி இருக்கிறாரே என்று. அதுவரை கிறுக்காக இருந்தவர் அன்றைக்கு எங்களுக்குச் சொத்தாகிவிட்டார். அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போவார் என்று தகவல் வந்தது. அவர் வருகிற அன்றைக்கு மதினி வழக்கமாகச் செய்வதைச் செய்தாலே போதும். கோலம், கொடியில் சேலை, குக்கர் விசில், தட்டினால் "யாரு?" எவன் வந்து ஆள் இல்லாத தெரு என்று எழுதுவான்?

எங்களில் ஒருத்தருக்கு ஆர்வம் மிஞ்சிப்போய், டாக்டர் வீட்டு வாசலில் இரண்டு சின்னச் செருப்பும் ஒரு மூன்று சக்கர சைக்கிளும் கொண்டுவந்து வைத்தார். மதினி பார்த்தார். இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், கொண்டுவந்தவர் வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார்.

"இந்த வீட்டுல சின்னப் பிள்ளைக கிடையாது. இல்லாததை எதுக்கு வைக்கீக?"

"மதினி, நீங்க மட்டும் என்ன செய்றீகளாம்? செத்தவுக சேலையத்தான காயப்போடுறீக?" என்று நான் சீண்டினேன்.

"சேலை இருக்குல்ல தம்பி. இருக்கிறதைத்தான நான் காயப்போடுறேன்" என்றார்.

எனக்கு அது விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் அப்போது இல்லை. வேலை நடந்தால் போதும் என்றிருந்தேன்.

அதிகாரி வருவதற்கு முந்தைய நாள் பகலில் சென்னையிலிருந்து போன் வந்தது. மேலவீட்டு அண்ணாச்சி இறந்துவிட்டார். அங்கேயே எரித்துவிடப் போகிறார்கள், யாரும் சிரமப்பட்டு வர வேண்டாம் என்று மகன் சொன்னான். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். தெருவை முதலில் விற்ற மனுஷனுக்காக டிக்கெட் எடுக்க எனக்கு மனசில்லை.

அன்று சாயங்காலம் தெருவில் விளக்கு எரியவில்லை. மதினி வீட்டுக்குப் போனேன். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை விரித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தீட்டு தம்பி. மூத்த பங்காளி போயிருக்காக. பதினாறு கழியிற வரைக்கும் கோலமும் கிடையாது, விளக்கும் கிடையாது. அடுப்பும் என் வீட்டோட சரி."

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் வாசலில் கோலம் போடுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்குத் தெரியாததா? ஆனால் நாளைக்குக் காலையில் அதிகாரி வருகிறார்.

"மதினி, அவரு தெருவையே வித்துட்டுப் போனவரு. அவருக்காகவா தீட்டுப் பாக்கீக?"

"வித்தது வீட்டைத்தான. அவுக பங்காளி இல்லேன்னு ஆயிருமா?"

"ஒரு நாள் மதினி. நாளைக்கு ஒரு காலை மட்டும் போட்டுருங்க. அந்தாளு பாத்துட்டுப் போகட்டும். தெரு பிழைச்சுக்கிரும்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபமில்லை. களைப்புதான் இருந்தது. "சாவு விழுந்தா கோலம் நிக்கணும் கொளுந்தனாரே. ஆளு இருக்கிற வீட்டுல அப்பிடித்தான நடக்கும்? நாளைக்கு நான் போட்டேன்னு வைங்க, அப்ப இம்புட்டு நாள் போட்டது அம்புட்டும் பொய்யாயிரும்."

கொளுந்தனாரே என்று அவர் கூப்பிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், நீயாவது நம் வாசலிலும் நாலு வாசலிலும் போடு என்றேன். "மதினி போடாம நான் போட மாட்டேன்" என்று அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விடிந்தும் விடியாததுமாக நானே கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஐம்பது வயது தாண்டியவன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணத்து வீட்டு வாசலில் குத்தவைத்து நட்சத்திரம் போட முயன்ற கோலத்தை நல்லவேளை யாரும் போட்டோ எடுக்கவில்லை. நட்சத்திரமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. பொடியைக் கொட்டிக் கலைத்தது போலிருந்தது. தலையைத் தூக்கினால் எதிரே மதினி நிற்கிறார், கையில் ஒரு வாளித் தண்ணீரோடு. என்னை எழுந்து தள்ளிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் தள்ளி நின்றேன். தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிவிட்டார். வாசல் வெறுமையாயிற்று. வாளியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மேலவீட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். இழவு வீட்டில் பங்காளிப் பெண்கள் கூடி உட்கார்வார்கள் இல்லையா, அதற்காக. கம்பெனிக்காரன் போட்ட பூட்டு தொங்குகிற கதவுக்கு முன்னால், தன்னந்தனியாக.

அதிகாரி நல்ல மனிதர். வேறு ஜில்லாக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். முதலாளி அனுப்பிய காரில் வராமல் தன் வண்டியிலேயே வந்தார். தெருவில் இறங்கி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். ஒரு வாசலில் கோலம் இல்லை. ஒரு கொடியில் துணி இல்லை. அவ்வளவு நீளத் தெருவும் உப்புப் பூத்த சுவர்களோடு செத்துக் கிடந்தது. எங்கள் தெரு உண்மையில் எப்படி இருக்கிறது என்று நானே அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

அவர் கிணத்து வீட்டைத் தட்டினார். உள்ளேயிருந்து குரல் வரவில்லை. பர்மா வீட்டைத் தட்டினார். அங்கேயும் இல்லை. டாக்டர் வீட்டை அவர் தட்டவே இல்லை. என் வீட்டில் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஆள் இருந்த மற்ற வீடுகளையும் மரியாதையாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். கடைசியில் மேலவீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த மதினியிடம் வந்தார்.

"அம்மா, நீங்க இந்த வீட்லயா இருக்கீங்க?"

"இல்லைய்யா. இது சாவு வீடு. நான் துக்கம் கேக்க வந்திருக்கேன்."

"பூட்டியிருக்கே?"

"ஆமா."

அவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். "இந்தத் தெருவுல எந்தெந்த வீட்லம்மா ஆள் இருக்காங்க?"

"எல்லா வீட்டுலயும் இருக்காக."

"ஒரு வாசல்லகூடக் கோலம் இல்லையேம்மா. தட்டினா யாரும் வரலையே."

மதினி அவரைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. இவ்வளவு படித்தவருக்கு இது தெரியவில்லையே என்கிற பரிதாபம் அதில் இருந்தது.

"தீட்டுய்யா. அதான் கோலம் இல்ல. கோலம் இல்லாததைப் பாத்தே தெரிய வேணாமா, ஆளு இருக்காகன்னு? ஆளு இல்லாத தெருவுக்குத் தீட்டு எப்பிடிய்யா வரும்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஊரிலும் சாவு விழுந்தால் கோலம் நிற்கும்தானே, அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். "அம்மா, நான் கண்ணால பாத்ததைத்தான் எழுத முடியும்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பார்த்ததை எழுதிக்கொண்டு போனார். அவர் மேல் தப்பில்லை.

அனுமதி கிடைத்துவிட்டது. அந்தச் செய்தி வந்ததும், வீடியோ காலில் வீரம் பேசியவர்கள் ஒருவர் பின் ஒருவராக விலை பேசினார்கள். நான் மதினியோடு பேச்சை நிறுத்திவிட்டேன். ஒரு தெருவையே கையில் வைத்திருந்து, ஒரு வாளித் தண்ணீரில் கழுவி விட்டாரே என்று ஆத்திரம். அவர் ஒரு நாள் மத்தியானம் தூக்குச்சட்டியில் ரசத்தோடு வந்தார். என் மனைவி உள்ளே கூப்பிட்டாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் பேப்பரைப் பார்த்தே பேசினார்.

"தம்பி, உங்க அண்ணன் கம்பெனி வச்சிருந்தாகளே, ஞாபகம் இருக்கா?"

அண்ணன் மேற்கே கரிசல் காட்டில் நாலு ஷெட் போட்டுச் சின்னதாகப் பட்டாசு ஆலை நடத்தியது எனக்குத் தெரியும். அங்கே வெடி விபத்து நடந்ததும், ஆட்கள் இறந்ததும், கேஸ் நடந்ததும் தெரியும். அப்போது நான் சரக்கு எடுக்கக் குண்டூர்ப் பக்கம் போயிருந்தேன். அந்த நாட்களில் தெருவில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது.

"வெடிச்ச அன்னைக்கே உங்க அண்ணன் என்னையும் கூட்டிக்கிட்டுத் தலைமறைவாயிட்டாக. எல்லா மொதலாளியும் செய்றதுதான். வீட்டைப் பூட்டிட்டு எங்க சித்தி ஊருக்குப் போயிட்டோம். ஜாமீன் வாங்கித் திரும்பி வந்தப்புறம்தான் கிணத்து வீட்டுச் சின்னம்மை சொன்னாக. செத்தவுக வீட்டுப் பொம்பளைக வந்தாகளாம். நம்ம வாசல்ல உக்காந்து, ரெண்டு பகல் பூராவும் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தாகளாம். அடிக்க வரலை, தம்பி. காசு கேட்டும் வரலை. யாராவது வெளிய வாங்க, எங்க ஆளுக எப்பிடிச் செத்தாகன்னு சொல்லுங்க, அம்புட்டுத்தான். உள்ள ஆளு இல்லேன்னு சின்னம்மை சொல்லியும் கேக்கலையாம். இம்புட்டுப் பெரிய வீட்டுல ஒருத்தருமா இருக்க மாட்டாகன்னு தட்டியிருக்காக."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தப் பொம்பளைக அதுக்கப்புறம் வரவே இல்லை. நான் வந்து கதவைத் திறந்து வச்சுக்கிட்டுப் பாத்தேன். யாரும் வரலை. அப்பதேன், எவுக கதவைத் தட்டினாலும்..." என்று தொடங்கியவர், மேலே சொல்லாமல் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். "ரசம் சூடா இருக்கு. ஆறுறதுக்குள்ள ஊத்திக்கிருங்க."

நான் பேப்பரை இறக்கவில்லை. இறக்கினால் என் முகத்தைப் பார்த்துவிடுவார்.

பிறகு சாவி வாங்க ஆட்கள் வந்தார்கள். மதினி தகராறு செய்யவில்லை. ஒவ்வொருவரையும் வீட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். இந்தக் கதவை லேசாகத் தூக்கித் திறக்கணும், இந்தக் குழாயை இறுக்கி மூடினால் உடைந்துவிடும், மழைக்கு இந்த மூலையில் பாத்திரம் வைக்கணும். அடுத்த வாரம் இடிக்கப்போகிற வீட்டைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல, வந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். ஒருவருக்கும் அவரிடம் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

ஷோரூம் எழுந்தது. அதன் நிழலில் மதினி வீடும் என் வீடும் மட்டும் மிஞ்சின. பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. சீசனில் வெளியூர்ப் பஸ்கள் வந்து நிற்கும். கிப்ட் பாக்ஸ் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் மதினி வாசல் தேர்க்கோலத்தை மிதித்துக்கொண்டு போவார்கள். அவர் பெரும்பாலும் உள்ளேயே இருந்தார். இடுப்பில் சாவி இல்லாமல் அவர் நடக்கும்போது சத்தமே இல்லை. அவர் நம் வீட்டுக்குள் வந்து நிற்பதும் தெரியாது, போவதும் தெரியாது. என் மனைவி பலமுறை திடுக்கிட்டிருக்கிறாள்.

அடுத்த வருஷம் சீசனுக்கு முன்னால், ஒரு காலை நேரம், மேற்கே தூரத்தில் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் அந்தச் சத்தத்தை யாருக்கும் விளக்க வேண்டாம். கடையில் இருந்தவர்கள் அப்படியே எழுந்து நின்று புகை எந்தப் பக்கம் என்று பார்த்தோம். மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது, ஷோரூம் முதலாளியின் ஆலை. சாயங்காலம் ஷோரூம் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். முதலாளியைக் காணவில்லை, மேனேஜரைக் காணவில்லை, வாட்ச்மேனையும் காணவில்லை.

மறுநாள் காலை என் மனைவி போன் செய்தாள். "ஒரு வேன்ல பொம்பளைக வந்திருக்காக. நீங்க வாங்க." நான் கடையைப் போட்டது போட்டபடி வந்தேன். ஷட்டருக்கு முன்னால் தரையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆனைக்குட்டம் பக்கத்துக் கிராமத்து ஆட்கள். சிலர் அழுது அழுது ஓய்ந்து, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயதான ஒரு அம்மாள் மட்டும் உள்ளங்கையால் ஷட்டரை அடித்துக்கொண்டே இருந்தாள். "எவனாச்சும் வெளிய வாங்கலே. உள்ள யாருலே இருக்கது?" தகரத்தின் அதிர்ச்சி தெரு முழுக்கக் கேட்டது. பதில் சொல்ல உள்ளே ஒருத்தரும் இல்லை.

மதினி வீட்டுக் கதவு திறந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தார். அந்தப் பெண்களைக் கடந்து போய், ஷட்டரில் முதுகு படுகிற மாதிரி நின்றார்.

"நான் இருக்கேன்" என்றார்.

வயதான அம்மாள் அடிப்பதை நிறுத்தினாள். "நீ யாரு? மொதலாளி பெண்டாட்டியா?"

மதினி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஆமா. மொதலாளி பெண்டாட்டிதான்."

அவ்வளவுதான். அடங்கியிருந்ததெல்லாம் வெடித்து எழுந்தது. ஒருத்தி மண்ணை வாரி இறைத்தாள். இன்னொருத்தி மதினியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். காது கொடுத்துக் கேட்க முடியாத வசவுகள். நான் ஓடினேன். "தாயே, இவுகளுக்கும் அந்தக் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லை, இவுக பக்கத்து வீட்டுக்காரவுக" என்று கத்தினேன். மதினி கண்ணைத் திறக்காமல், மண் விழுந்த முகத்தோடு, என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர் சொல்லை மீறி மேலே ஓர் அடி வைக்க என்னால் முடியவில்லை.

வயதான அம்மாள் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "உம்புருசன் எங்கடி ஓடுனான்?"

"ஓடித்தான் போனாக" என்றார் மதினி. "நானும் கூடத்தான் ஓடினேன்." அவர் அந்தப் பெண்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தார். "இப்ப வந்துட்டேன், தாயி. கேளுங்க."